மாடி அறையின் கூரை



லெந்து நாட்களில் போதகர் கூரையைப் பற்றி எழுதுகிறாரே என்று நீங்கள் வியக்கக்கூடும். பங்குனி பிறந்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் தொலைக்காட்சிச் செய்தியில் வேலூரோடு திருத்தணியின் பெயரும் நாள்தோறும் வரத் தொடங்கும். அதற்கு முன்பாக இதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற பாரம் எனக்கு உண்டு.

போதகர் இல்லத்தின் மாடியில் இருக்கும் சிமெண்ட் ஷீட் அறையை நீங்கள் அறிவீர்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதைக் கட்டியபோது உங்களில் சிலர் செங்கல் சுமந்தீர்கள். ஜெபத்தோடு அதைத் திறந்த நாளில் நான் இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தை வாசித்தேன். சூனேம் ஊராளாகிய அந்த அம்மாள், எலிசா வந்து தங்குவதற்காகத் தன் வீட்டு மெத்தையின்மேல் ஒரு சிறிய அறைவீட்டைக் கட்டி, கட்டிலும் மேஜையும் நாற்காலியும் விளக்கும் வைத்தாள் அல்லவா? எங்கள் அறையிலும் அந்த நான்கும் இருக்கின்றன என்று சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். என் தாயார் ஊரை விட்டு எங்களிடம் வந்தபோது அந்த அறையையே அவர்களுக்குக் கொடுத்தோம். கீழே ஓர் அறை அலுவலகம், மற்றொன்று மாலை நேரப் படிப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு. மாடியில் காற்று வரும், நகரி மலை தெரியும், அமைதியாக ஜெபிக்கலாம் என்று நானே தீர்மானித்தேன்.

சென்ற ஆண்டு சித்திரை. அக்கினி நட்சத்திரம் தொடங்கக்கூட இல்லை. ஒரு பிற்பகலில் என் மனைவி மோர் கொண்டு போனபோது அம்மா கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, மறைந்து பதினேழு ஆண்டுகளான என் தகப்பனாரைச் சாப்பிட அழைத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் என்னையே யார் என்று கேட்டார்கள். எண்பத்தொரு வயது, ஞாபகம் தடுமாறும் காலம் வந்துவிட்டது என்று நான் எண்ணினேன். அதை ஏற்றுக்கொள்ளும் பெலனுக்காக ஜெபிக்கவும் தொடங்கிவிட்டேன். காலையில் தெளிவாக இருப்பவர்கள் பிற்பகலில் மட்டும் ஏன் தடுமாறுகிறார்கள் என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: "ஐயா, அம்மா பகல்ல எங்க படுக்கிறாங்க?" முதியவர்களுக்குத் தாகம் குறைவாகவே தெரியும், வியர்வையும் குறையும், இரத்த அழுத்தத்துக்காக எடுக்கும் சில மாத்திரைகள் உடலின் நீரை வெளியேற்றும், மனக்குழப்பம் வெப்பத் தாக்கின் அடையாளம் என்று விளக்கினார். இன்னும் சில நாட்கள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று மாலையே அம்மாவின் கட்டிலைக் கீழே அலுவலகத்துக்கு இறக்கினோம். மறுநாள் பகல் ஒரு மணி முதல் மூன்று மணி வரை நான் மட்டும் அந்த மாடி அறையில் போய் அமர்ந்தேன். கட்டிய நாளிலிருந்து உச்சிப்பொழுதில் ஒரு முறைகூட நான் அங்கே இருந்ததில்லை. மின்விசிறி சுழன்றது, தலையின் மேல் யாரோ அடுப்பைக் கவிழ்த்துப் பிடித்தது போல் இருந்தது. வேதாகமத்தைத் திறந்து அந்த நான்காம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். நான் எப்பொழுதும் பதினேழாம் வசனத்தில், பிள்ளை பிறந்த மகிழ்ச்சியில் பிரசங்கத்தை முடித்துவிடுவேன். அதற்கு அடுத்த வசனங்களில், வளர்ந்த அந்தப் பிள்ளை அறுப்பின் நாளில் தகப்பனிடம் வயலுக்குப் போகிறான், தலை நோகிறதென்று அலறுகிறான், நண்பகல் வரை தாயின் மடியில் இருந்து இறந்துபோகிறான். இது வெயிலின் தாக்கு என்று வேத விளக்கவுரையாளர்கள் பலர் எழுதியிருப்பதை இறையியல் கல்லூரியில் படித்திருக்கிறேன், தேர்விலும் எழுதியிருக்கிறேன்.

பிரியமானவர்களே, அம்மாவைக் கீழே இறக்கியதோடு காரியம் முடிந்திருக்கலாம். ஆனால் உங்களில் பாதிப்பேருக்கு இறங்குவதற்குக் கீழ் அறை கிடையாது. ஷீட்டின் கீழேதான் வீடு, அதன் கீழேதான் தறி. ஆகவே அந்த அறையை என் கையாலே சரிசெய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஏன் அவ்வளவு வெப்பம் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வெயிலில் கிடக்கும் சிமெண்ட் ஷீட்டின் சூடு உச்சிவேளையில் அறுபது டிகிரியை நெருங்கிவிடும். அந்தச் சூடு காற்றின் வழியாக மட்டும் நம்மிடம் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கதிராக, எரியும் அடுப்பின் எதிரே நின்றால் முகத்தில் படுமே, அப்படி நேராக உடலின்மேல் இறங்குகிறது. மின்விசிறி காற்றை அசைக்கும். கதிரை அதனால் தடுக்க முடியாது. அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடலைச் சூடாக்கவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனமும் எச்சரிக்கிறது.

இந்தக் கதிரைத் தடுக்கும் வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது நாம் காபி எடுத்துச் செல்லும் பிளாஸ்க்கின் கண்ணாடி உள்ளே பளபளக்கிறதே, அதுதான். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டூவர் 1892-ல் அந்தக் குடுவையை உருவாக்கினார். இரண்டு சுவர்கள், நடுவே காற்று நீக்கிய இடைவெளி, அதன் உட்புறத்தில் வெள்ளிப் பூச்சு. நம் ஷீட்டும் சுண்ணாம்புச் சுவரும், தம் சூட்டுக்கு வெளிவிடக்கூடிய கதிரில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை வெளிவிடுகின்றன. சுத்தமான அலுமினியத் தாளோ மூன்று முதல் ஐந்து பங்கையே விடும். அதை ஷீட்டுக்குக் கீழே விரித்துக் கட்டுவதே இந்த வேலை முழுவதும்.

திருத்தணியிலிருந்து நான்கடி அகலச் சுருள் ஒன்று வாங்கி வந்தேன். ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் வெள்ளை பிளாஸ்டிக், நடுவே காற்றுக் குமிழிகள். என் அறை 11 அடிக்கு 16 அடி. மூன்று பட்டைகளுக்கு ஏறக்குறைய 200 சதுர அடி. சதுர அடி 18 ரூபாய் வீதம் 3600 ரூபாய்.

முதல் முறை தவறாகச் செய்தேன். பளபளப்பு சூரியனைப் பார்க்க வேண்டும் என்று எண்ணி, அந்தப் பக்கத்தை மேலே வைத்து ஷீட்டோடு ஒட்ட அழுத்திப் பசை போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. மறுநாள் பகலில் கையை மேலே நீட்டினால் அதே அடுப்பு. ஷீட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாள் அதன் சூட்டைத் தொடுதலாலேயே வாங்கி, கீழே இருந்த பிளாஸ்டிக் பக்கத்தின் வழியாக அப்படியே அறைக்குள் விட்டுவிட்டது. கதிரைத் தடுக்க வேண்டுமானால் பளபளப்பின் முன்னே காற்றுவெளி இருக்க வேண்டும். பிளாஸ்க்கில் டூவர் அந்த இடைவெளியை ஏன் வைத்தார் என்று படித்தும் நான் கவனிக்கவில்லை.

எங்கள் சபையின் விசைத்தறி மெக்கானிக் சகோதரர் வந்து பார்த்தார். "பாஸ்டர் ஐயா, பாவு மாதிரி இழுத்துக் கட்டணும்" என்றார். ஷீட்டைத் தாங்கும் இரண்டு அங்குல இரும்பு பைப்புகளின் அடிப்புறத்தில், ஒரு பைப்பிலிருந்து மறு பைப்புக்கு, ஓரடிக்கு ஒன்றாக நைலான் கயிற்றை இழுத்துக் கட்டினார். அதன்மேல் தாளை விரித்து, பட்டைக்குப் பட்டை நான்கு அங்குலம் மேற்படியவிட்டு அலுமினிய டேப் ஒட்டினோம். ஷீட்டுக்கும் தாளுக்கும் நடுவே இரண்டு அங்குலம் தானாகவே கிடைத்தது. தாழ்வான ஓரத்திலும் உயரமான ஓரத்திலும் ஒரு கையளவு திறந்துவிட்டோம். நடுவில் சூடேறும் காற்று மேலேறி வெளியே போக வழி வேண்டும்.

இம்முறை பளபளப்பைக் கீழ்நோக்கி வைத்தோம். இதை நீங்கள் நம்ப மறுப்பீர்கள், நானும் மறுத்தேன். கதிரை ஏற்காத பொருள் கதிரை வெளிவிடவும் செய்யாது என்று 1859-லேயே ஜெர்மானியர் கிர்ச்சாஃப் நிறுவியிருக்கிறார். மேலே எவ்வளவு சூடு இருந்தாலும் கீழ்ப்பக்கம் பளபளப்பாக இருந்தால் அது கதிரைக் கீழே இறக்காது. மேல்நோக்கி வைத்தாலும் இடைவெளி இருந்தால் பலன் உண்டு. ஆனால் நம் ஊர்த் தூசியும் தறியின் பஞ்சுத் தூசும் படிந்து ஓரிரு ஆண்டுகளில் மங்கிவிடும். கீழ்நோக்கிய பக்கத்தில் தூசி தங்குவதில்லை.

அதே வெயில், அதே இரண்டு மணி. சுவரில் மாட்டிய வெப்பமானி முன்பு காட்டியதைவிட மூன்று டிகிரி குறைவாகக் காட்டியது. ஒரு நாளைப் போல் மறுநாள் இராது. ஆகவே அந்த எண்ணைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் தலையின்மேல் இருந்த அடுப்பு போய்விட்டது.

இதனால் ஆகாதவற்றையும் சொல்ல வேண்டும். இரவின் புழுக்கத்துக்கு ஜன்னல்தான் வேண்டும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டைச் சேமித்து இரவில் விடும். அத்தளம் உள்ளவர்கள் மேலே வெள்ளைப் பூச்சு அடிப்பதே மேல். அகமதாபாத் நகரம் 2010-ன் கொடிய வெப்பத்துக்குப் பின் 2013-ல் வெப்பச் செயல்திட்டம் வகுத்து, பின்னர் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசியது. நம் தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்லதுதான். அந்தப் பணத்தை நம்மில் எவரும் வாங்க நேரக்கூடாது.

இனி நான் எழுதுவதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். ஆஸ்திரேலியாவில் 2009-ல் அரசு மானியத்தோடு லட்சக்கணக்கான வீடுகளின் கூரைகளில் வெப்பத்தடுப்பு வைத்தார்கள். அவசரத்தில், பயிற்சியில்லாத இளைஞர்களை ஏற்றினார்கள். நால்வர் மரித்தார்கள், மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் வெப்பத்தினாலேயே. 2010 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. நம் வீடுகளில் ஷீட்டை ஒட்டி ஓடும் பழைய ஒயர்களை நான் பார்த்திருக்கிறேன். மெயின் சுவிட்சை அணைத்து, ஒயரிங் தெரிந்தவர் பார்த்த பின்பே தாளை விரியுங்கள். ஆணி வேண்டாம், கயிறு போதும். சிமெண்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கும். அதைத் துளையிடவோ அறுக்கவோ தேய்க்கவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலில் தங்கி நோயாகும். ஷீட்டின்மேல் காலும் வைக்காதீர்கள், அது சொல்லாமல் உடையும். வேலை முழுவதும் கீழிருந்து, காலை பத்து மணிக்குள்.

அம்மா வைகாசியில் மாடிக்குத் திரும்பினார்கள். பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை கீழே இருக்க வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. அதை இன்னும் மாற்றவில்லை. மேலே பார்த்தால் தன் முகம் மங்கலாகத் தெரிகிறது என்று முதலில் குறைபட்டார்கள். பிறகு காகம் ஷீட்டின்மேல் நடக்கும் சத்தம் முன்போல் கேட்கவில்லை என்றார்கள். என்னை இப்பொழுது பெயர் சொல்லி அழைக்கிறார்கள். சில பிற்பகல்களில், "தம்பி, போதும், போய் வேலையைப் பாரு" என்று அனுப்பியும் விடுகிறார்கள்.

நெசவாளர் தெருவில் நம் மூத்த சகோதரி ஒருவர் தனியாக, ஒரே அறையில், ஷீட்டின் கீழே இருக்கிறார். ஆராதனைக்குத் தவறாமல் வருகிறவர். அவர் வீட்டுக்கு நான் போனதெல்லாம் மாலை ஆறு மணிக்குப் பிறகுதான். சென்ற வாரம் இரண்டு மணிக்குப் போனேன். வாசலில், எதிர்வீட்டு நிழலில், சுவரோடு சாய்ந்து அமர்ந்திருந்தார். "உள்ள இருக்க முடியாது பாஸ்டர், நாலு மணிக்கு மேலதான் போவேன்" என்றார், நான் ஏதோ புதிதாகக் கேட்டுவிட்டதைப் போல.

வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் வீட்டில் கூடுகிறோம். ஒரு சுருள் வாங்கியாயிற்று. இரண்டு ஏணிகள் வேண்டும். மின்வேலை தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். வாலிபர்கள் தலைக்குத் துண்டும் குடிக்கத் தண்ணீரும் கொண்டுவாருங்கள். உங்கள் தெருவில் இப்படி எத்தனை வீடு என்பதை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுங்கள். நீங்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு நேரில் போய்ப் பார்த்த வீடுகளை மட்டும் எழுதுங்கள்.