ஆறு டீமும் ஓர் இருட்டும்

பேஸ்பால் என்று ஆரம்பித்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் டி.வி., செல்போனில் கேட்கும் பாட்டு, மாதாமாதம் கட்டுகிற இன்டர்நெட் பில் எல்லாம் இதில் வரப்போகிறது. விதிகள் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் எறிவார், ஒருவர் அடிப்பார், பட்டால் ஓடுவார். ஆறு மாதத்தில் ஒரு டீம் 162 மேட்ச் ஆடும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அதாவது, நம்ம ஊர் மெகா சீரியல் மாதிரி. தினம் பார்த்தால்தான் ருசி.

அமெரிக்காவின் நட்ட நடுவில் அயோவா என்று ஒரு மாநிலம். எங்கு பார்த்தாலும் சோளம். மேஜர் லீக் டீம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால், இணையத்தில் பேஸ்பால் பார்க்கச் சந்தா கட்டிய அயோவாக்காரருக்குப் பல வருஷங்கள் ஆறு டீம்களின் நேரடி ஆட்டம் தெரியாது. சிகாகோவின் இரண்டு டீம்கள், செயின்ட் லூயிஸ், கான்ஸாஸ் சிட்டி, மினசோட்டா, மில்வாக்கி. ஆறுமே 'உங்கள் உள்ளூர் டீம்' என்று சொல்லித் திரையை இருட்டாக்கிவிடுவார்கள். பெயரே பிளாக்-அவுட். தலைநகர் டெ மாயினிலிருந்து சிகாகோ 500 கிலோமீட்டருக்கு மேல். சென்னைக்காரரிடம் மதுரைக்கும் அப்பால் நடப்பதை உள்ளூர் மேட்ச் என்பது போல.

காரணம், காசு. ஒவ்வொரு டீமும் தன் ஆட்டங்களை ஒரு வட்டார கேபிள் சேனலுக்குப் பெரிய தொகைக்கு விற்றிருந்தது. அந்த வட்டாரத்துக்குள் வேறு யாரும் காட்டக் கூடாது. சரி, கேபிளில் பார்த்துக்கொள்ளலாமே? அயோவாவின் பல இடங்களில் கேபிள்காரர் அந்தச் சேனலை எடுக்கவே இல்லை. ஆக, அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அயோவாவில் சிகாகோ கப்ஸ் டீமுக்கு இத்தனை ரசிகர்கள் சேர்ந்ததற்கு ஒரு காரணமே ஓசி ஒலிபரப்புதான். 1920-களில் கப்ஸின் முதலாளி வில்லியம் ரிக்லி, சூயிங்கம் வியாபாரி. ரேடியோ நிலையங்களைக் கூப்பிட்டு, 'காசு வேண்டாம், ஒலிபரப்புங்கள்' என்றார். ஓசியில் கேட்டால் மைதானத்துக்கு யார் வருவார்கள் என்று மற்ற முதலாளிகள் பயந்தார்கள். 1927-ல் கப்ஸ் மேட்ச்களுக்கு வந்தவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். நேஷனல் லீக்கில் அதுவே முதல் முறை. ஆனாலும் நியூயார்க்கின் மூன்று டீம்கள் 1934-லிருந்து ஐந்து வருஷம் ரேடியோவே வேண்டாம் என்று கூடிப் பேசித் தடை போட்டன!

அதே காலத்தில் டெ மாயின் ரேடியோவில் கப்ஸ் ஆட்டங்களை வர்ணித்த இளைஞர், மைதானத்தில் இல்லை. ஸ்டுடியோவில் உட்கார்ந்து தந்தியில் வரும் சுருக்கமான வரிகளை வைத்துக்கொண்டு, நேரில் பார்ப்பது போல அளந்துவிடுவார். ஒரு நாள் தந்தி அறுந்துவிட்டது. நிறுத்தினால் ஆள்கள் வேறு ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்கள். எனவே பேட்ஸ்மேனை ஃபவுல் அடிக்க வைத்தார். எத்தனை ஃபவுல் அடித்தாலும் ஸ்கோரில் வராதே! ஆறேழு நிமிஷம் ஃபவுலோ ஃபவுல். தந்தி திரும்பியதும் பார்த்தால், அந்த ஆள் முதல் பந்திலேயே அவுட். இந்தக் கதையைப் பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர், அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரீகன்.

பொங்கல் டெஸ்டுக்கு டிரான்ஸிஸ்டரைக் காதில் ஒட்டிக்கொண்ட தலைமுறைக்கு இது புரியும். பார்க்காமலே பார்த்த காலம். இன்று யோசித்துப்பாருங்கள். 1930-களில் காட்ட முடியாது, எப்படியாவது சொன்னார்கள். இப்போது ஒரு நொடியில் காட்ட முடியும், காட்டமாட்டேன் என்கிறார்கள்.

மேஜர் லீக் பேஸ்பால் முதன்முதலாக டி.வி.யில் வந்தது 1939 ஆகஸ்ட் 26. லீக் தன் ஆட்டத்தை முதன்முதலாக இணையத்தில் காட்டியது 2002-ல், அதே ஆகஸ்ட் 26. அறுபத்துமூன்று வருஷத்தில் குழாய் பெரிதாகிவிட்டது. பூட்டும் கூடவே வளர்ந்திருக்கிறது.

பாட்டு விஷயத்திலும் இதே கதை. 1978-லிருந்து 1982 வரை 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' என்று ஒரு டி.வி. காமெடி வந்தது. ரேடியோ ஸ்டேஷனில் நடக்கிற கதை என்பதால் அந்தக் காலத்து ராக் பாட்டுகளை நிஜமாகவே போட்டார்கள். பாட்டுகளின் உரிமை காலாவதியானதும், மறு ஒளிபரப்பில் அவற்றை எடுத்துவிட்டு அடையாளமில்லாத ஏதோ ஓர் இசையை ஒட்டினார்கள். பாட்டின் மேல் பேசிய சில வசனங்களுக்கு மறுபடி டப்பிங் வேறு. 2007-ல் வந்த டி.வி.டி.யிலும் பல பாட்டுகள் காணோம். 2014-ல்தான் பெரும்பாலானவை திரும்பி வந்தன. கல்யாண வீடியோவில் நாதஸ்வரத்தை எடுத்துவிட்டு லிஃப்ட் மியூசிக் போட்டால் எப்படியிருக்கும்?

'இணையம் எல்லோருக்கும் சமம்' என்று ஒரு பெரிய வழக்கு அமெரிக்காவில் ரொம்ப நாளாக நடக்கிறது. நெட் நியூட்ராலிட்டி. இணைப்பு தருகிறவர் ஒரு தளத்தை வேகமாகவும் இன்னொன்றை மெதுவாகவும் விடக் கூடாது என்பது சாரம். 2015-ல் விதி போட்டார்கள். 2017-ல் எடுத்தார்கள். 2024-ல் மறுபடி போட்டார்கள். 2025 ஜனவரியில் கோர்ட் தள்ளிவிட்டது. மியூசிக்கல் சேர். நம் டிராய் 2016 பிப்ரவரியிலேயே, தளத்துக்கு ஒரு ரேட் என்று டேட்டா விற்கக் கூடாது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டது.

எனக்கு அந்த விதி பிடிக்கும். ஆனால் ஒன்று கவனியுங்கள். அது குழாய்க்காரரைத்தான் கட்டுப்படுத்தும், தண்ணீர்க்காரரை அல்ல. குழாய் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், மேட்சுக்கும் பாட்டுக்கும் சொந்தக்காரர் வால்வை மூடினால் அயோவாவில் இருட்டுதான். இணையக் கொள்கை பேசுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உரிமைக்காரருக்குக் காசு போகட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால், பணத்தை நீட்டியும் வாங்க வழியில்லை என்றால் அது வியாபாரமே இல்லை. அதில் கெட்டுப்போவது பழக்கம். அப்பாவோடு உட்கார்ந்து மேட்ச் பார்க்காத பிள்ளை, பெரியவனானதும் டிக்கெட் வாங்கப்போவதில்லை. ரிக்லிக்கு இது புரிந்திருந்தது.

லீக்குக்கும் இப்போது கொஞ்சம் புரிகிறது. 2023-ல் பல டீம்களின் ஆட்டங்களை வைத்திருந்த பெரிய வட்டார சேனல் கம்பெனி திவாலானது. அதன்பின் சில டீம்கள் உள்ளூர்க்காரர்களுக்கே இணையத்தில் விற்க ஆரம்பித்திருக்கின்றன. தர்மம் வென்றது என்று நினைக்காதீர்கள். கேபிளில் வருமானம் போச்சு, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு தகவல். அமெரிக்க மைதானங்களில் ஏழாவது இன்னிங்ஸ் நடுவே எல்லோரும் எழுந்து பாடுகிற பேஸ்பால் பாட்டு 1908-ல் வந்தது. எழுதியவர் ஜாக் நார்வொர்த். அவர் முதன்முதலாக ஒரு மேஜர் லீக் மேட்சை நேரில் பார்த்தது 1940-ல்.

அவரை யாரும் பிளாக்-அவுட் செய்யவில்லை. அவராகத்தான் போகவில்லை.