வேலை கேட்ட கைகள்

எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் தங்களுக்குக் கிடைத்ததைத்தான் சொல்வார்கள். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், இழுத்துக்கொண்டே போன வழக்கு முடிந்தது. எல்லாவற்றுக்கும் நானும் மனதார ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் திங்கள் முதல் சனி வரை செய்த வேலையைப் பற்றி, அந்த வேலையில் எதிர்ப்பட்ட மனிதரைப் பற்றி ஒருவராவது சாட்சி சொல்ல மாட்டாரா என்ற ஏக்கம் எனக்கு உண்டு. அப்போதெல்லாம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டை நினைத்துக்கொள்வேன்.

1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். அப்பாவும் அம்மாவும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். பள்ளிப்படிப்பு முடிந்ததும் அவர் கற்றது கட்டட வேலையும் தச்சு வேலையும்தான். மருத்துவம் அதற்குப் பிறகு. 1946-இல் வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தில், விரல்கள் உள்ளே மடங்கிப்போன கைகளை வரிசையாகப் பார்த்தார். மடங்கிய கையொன்றைப் பற்றிக் குலுக்கியபோது, அதன் பிடி இரும்பாக இருந்தது. தசையில் பலம் இருக்கிறது என்றால் இந்தக் கையை ஏன் திறக்க முடியாது என்று அன்றே யோசிக்கத் தொடங்கினார்.

எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி இன்னொன்று. துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க அவர் திணறிக்கொண்டிருந்தார். நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருப்பாகத் திருப்பிவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. விரல் எலும்பு தெரியும்வரை கிழிந்திருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை. நோய் விரல்களைத் தின்னவில்லை, வலி செத்துப்போனதால் விரல்கள் தினம் தினம் அடிபட்டுத் தேய்கின்றன என்று பிராண்ட் சொன்னதற்கு இப்படிப்பட்ட கவனிப்புகள்தான் ஆதாரம். யார் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார், யார் சுத்தியலை எப்படிப் பிடிக்கிறார் என்று அவரும் உடன் பணியாற்றியவர்களும் பார்த்தார்கள். தூக்கத்தில் எலி கடித்துப் போன விரல்களும் இருந்தன. அதற்கு அவர்கள் கண்ட மருந்து, பூனை வளர்ப்பது.

ஒரு மனிதனின் கையை இவ்வளவு பொறுமையாகப் பார்ப்பதை ஜெபம் என்றுதான் நான் சொல்வேன். முழங்காலில் நின்று செய்யும் ஜெபத்தை இது குறைப்பதாகாது. ஆண்டவரும் நாசரேத்தில் தச்சராகத்தான் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தார். அந்த வருடங்களில் அவர் செய்த வேலையும் பிதாவுக்குப் பிரியமாகவே இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிப்போன அந்தக் கைகளைத் திறந்தார்கள். அதன் பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. கை சரியானவர்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. கை நேரானதால் பிச்சைகூடக் குறைந்துவிட்டது என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. நன்றாக அறுவை செய்தாயிற்று, மீதியைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. கல்லூரி வளாகத்திலேயே ‘நியூ லைஃப் சென்டர்’ என்ற குடியிருப்பும் பட்டறையும் எழுந்தன. கை சரியானவர்கள் மரப்பொம்மைகள் செய்யப் பழகினார்கள். சின்ன வயதில் கற்ற தச்சுவேலை அங்கே டாக்டருக்குக் கைகொடுத்தது. அவர் மனைவி மார்கரெட்டும் மருத்துவர். கண் சிகிச்சையில் அனுபவமில்லாமலேயே கண் பிரிவுக்குப் போனவர், இமைக்க முடியாமல் பார்வை இழந்துவந்த தொழுநோயாளிகளுக்காகப் பிறகு உழைத்தார். மெல்லும் தசையில் ஒரு பகுதியை இமைக்குத் திருப்பும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், வாயை அசைத்துக் கண்ணை மூடப் பழகினார்கள்.

பிராண்ட் தம்பதியரை நினைக்கும்போது எனக்கு வருத்தமும் வருகிறது. பக்கத்தில் உட்கார யாரும் துணியாத மனிதரின் கையை இவர்கள் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைக்கும் கிறிஸ்தவ வீடுகள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்களும் இருக்கின்றன. அந்த வீட்டிலும் காலை ஜெபம் நடக்கிறது, அந்த ஊரிலும் ஞாயிறு தவறாமல் மணி அடிக்கிறது. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றுவிட்டு, திங்கட்கிழமை டம்ளரைப் பிரித்து வைக்க நம்மால் எப்படி முடிகிறது? கூலியைச் சனிக்கிழமை சாயங்காலமே கொடுப்பதும், தம்பியோடு பேச்சு நின்றுபோயிருந்தால் முதலில் அவன் வீட்டுப் படியேறுவதும் இதே கேள்வியில்தான் அடங்கியிருக்கின்றன.

தொழுநோயால் வலி உணராத பாதங்களைக் காப்பாற்ற அந்த மருத்துவர்கள் பல வகைச் செருப்புகளைச் செய்துபார்த்தார்கள். அந்த அனுபவம் இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் உதவுகிறது. எங்கள் அத்தை போட்டிருப்பது மைக்ரோ செல்லுலார் ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு. அதைச் செய்து கொடுப்பவர் காகிதத்தில் பாதத்தை வரைந்துகொண்டு, கொப்புளம் வந்த இடம் எது, எவ்வளவு தூரம் நடப்பீர்கள், வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்வீர்களா என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அவர் எந்த மதத்தவர் என்று எனக்குத் தெரியாது. வார் பெருவிரலில் உரசுகிறது என்று அத்தை சொன்னதும், கூடுதலாக ஒரு பைசா வாங்காமல் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தார்.