பெட்டியின் அடியில் ஓர் அமானிதம்

பெரிய காஞ்சிபுரத்தில், தறியோசை ஓயாத தெருவொன்றில் நாம் வசிக்கிறோம். சென்ற ஆண்டு ஒரு நாள், அடுத்த வீட்டு அம்மையார் பழைய வங்கிக் கணக்குப் புத்தகம் ஒன்றோடு நம் வாசலில் வந்து நின்றார். தகரப் பெட்டியின் அடியில் கிடந்ததாம். அவருடைய கணவர் வஃபாத்தாகி 13 ஆண்டுகள் ஆகின்றன. பட்டுச் சேலைத் தரகில் ஈட்டியதைச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர், வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை.

“பணத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டதாம், தம்பி. போனது போனதுதானே?” என்றார்.

போகவில்லை. பத்தாண்டுகள் எவரும் தொடாத வைப்புத்தொகையை, வங்கிகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதியொன்றுக்கு மாற்றிவிடுகின்றன. 2014 முதல் இதுவே நடைமுறை. ஆயினும் உரியவரோ வாரிசோ எப்போது வந்து கேட்டாலும், கணக்கிருந்த வங்கியே அதைத் தரவேண்டும். பின்னர் அது அந்நிதியிலிருந்து ஈடு பெற்றுக்கொள்ளும். இத்தகைய கணக்குகளைத் தேடவென்றே 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ என்னும் இணையதளத்தை ரிசர்வ் வங்கி திறந்தது. அதில் தேடினோம், கணக்கு இருந்தது.

தேடியது எளிது, பெற்றது எளிதன்று. புத்தகத்தில் பெயர் ஒருவிதம், இறப்புச் சான்றிதழில் வேறுவிதம். இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நான்கு முறை நடந்தோம். நியமனதாரராக அம்மையாரின் பெயர் இருந்ததால் பணம் அவர் கைக்கு வந்தது.

வேலை முடிந்ததென்று நாம் எழுந்தபோது அவர் கேட்டார்: “வாலாஜாப்பேட்டையிலுள்ள என் நாத்தனாருக்கு இதில் பங்கு உண்டல்லவா?”

நாம் நாணினோம். நமக்கு அது தோன்றவேயில்லை. நியமனதாரர் வாங்கி வைக்கும் பொறுப்பாளரே. முழு உரிமையாளர் அல்லர். பெற்றோரும் மகனும் சகோதரரும் இல்லாத அம்மனிதரின் பணத்தில், கடன் போக எஞ்சியதை எட்டாக்கினால், மனைவிக்கு ஒன்று, ஒரே மகளுக்கு நான்கு, உடன்பிறந்த ஒரே தங்கைக்கு மூன்று. மகளுடைய பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம் அது. அவள் முகம் சற்றே வாடியது. எனினும், “அத்தாவின் பணம், மார்க்கம் சொன்னபடியே போகட்டும்” என்றாள். மறுநாளே அம்மையார் பேருந்து ஏறினார்.

கேட்டு வருவோருக்காக அரசு காத்திருக்கிறது. கேட்கவே அறியாதவரைத் தேடிச் சென்று கொடுத்தார் இந்த அம்மையார். அன்றிரவே நம் கணக்குகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி, வீட்டாரிடம் ஒப்படைத்தோம். நீங்களும் எழுதி வைத்துவிட்டீர்களா?