இரு கட்டைகளுக்கு நடுவே

பிசிறின்றி வாசிப்பதே பியானோ என்று நம்பிப் பல்லாண்டுகள் கழித்தவன் நான். அந்த நம்பிக்கையைக் குலைத்தது ஜார்ஜ் கெர்ஷ்வினின் இரண்டாம் பிரெலூட். 1926இல் நியூயார்க்கில் அவரே முதன்முதலாக வாசித்த பிரெலூட்களுள் ஒன்று. அதன் கட்டமைப்பு செவ்வியல் மரபு: முதற்பகுதி, மாறுபட்ட நடுப்பகுதி, மீண்டும் முதற்பகுதி. உள்ளே ஓடும் குருதியோ ப்ளூஸ்.

ப்ளூஸ் பாடகரின் குரல், நாம் சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம் என்றழைக்கும் இரு சுரங்களுக்கு நடுவே குழையும். பியானோவில் அவ்விடத்தில் கட்டை கிடையாது. எனவே ப்ளூஸ் கலைஞர்கள் அடுத்தடுத்த இரு கட்டைகளையும் உரசி வாசித்தனர். கெர்ஷ்வின் அந்த மேஜர்-மைனர் ஊசலாட்டத்தையே இசைக்குறிப்பில் எழுதினார்.

தேர்வு அறைகளில் பிழையென நான் அஞ்சிய உரசல்தான் அங்கே உயிர். என் விரல்கள் இன்றும் தயங்குகின்றன. பிழையின்றி வாசித்த அத்தனை ஆண்டுகளில் இசையை ஒருமுறையேனும் தொட்டிருப்பேனா?