எஞ்சினுக்கு ஒரு வடிகட்டி

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். மிதிவண்டியில் பொருத்தும் சிறிய இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. பெட்ரோலில் தூசு விழாமல் தொட்டியை மூடிவைப்பவர்கள் பலர். அதைப்போல 9,000 மடங்கு அளவில் உள்ளே போகும் காற்றைப் பற்றி எண்ணிப்பார்ப்பவர்கள் மிகச் சிலர். ஜோத்பூரை அடுத்த மணற்கல் குவாரி ஒன்றில் வேலைசெய்யும் கல்தொழிலாளி ஒருவர் அந்தச் சிலரில் அடங்குவார்.

வீட்டிலிருந்து குவாரிக்கு 12 கிலோமீட்டர். பேருந்து இல்லாத தடம். நாற்பதைக் கடந்த அவர், பழைய மிதிவண்டி ஒன்றின் சட்டத்தில் எஞ்சின் தொகுப்பை வாங்கித் தாமே பொருத்திக்கொண்டார். எஞ்சின் 25 சிசிக்கு மேற்பட்டது என்பதால் சட்டத்தின் பார்வையில் அது பதிவுசெய்யப்பட வேண்டிய மோட்டார் வாகனம். ஆகவே அந்த வண்டி நெடுஞ்சாலையை எட்டிப்பார்க்காமல் மண்பாதையோடு நின்றுகொண்டது. மண்பாதைதான் அதற்கு வினையாகவும் வந்தது.

தொகுப்போடு வந்த காற்று வடிகட்டி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே மெல்லிய ஃபோம் துண்டு ஒன்று மட்டுமே. கோடையின் ஆந்திக் காற்று தொடங்கிய சில நாள்களில் அது அடைத்துக்கொண்டது. வண்டி இழுக்க மறுத்தது. சாலையோரப் பட்டறை இளைஞன், “காகா, அதைக் கழற்றி வீசுங்கள், வண்டி பறக்கும்” என்றான். வண்டி பறக்கத்தான் செய்தது, ஒரு மாதம் வரை. பிறகு அடியிலிருந்து ஒரு கடகடப்பு எழுந்தது. மிதித்துக் கிளப்பும்போது காலுக்குத் தெரியும் அழுத்தமும் தளர்ந்துபோயிற்று.

எஞ்சினைப் பிரித்தபோது காரணம் தெரிந்தது. நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்று நேரே சிலிண்டருக்குப் போகும். இரண்டு-ஸ்ட்ரோக்கிலோ காற்றும் பெட்ரோலும் எண்ணெயும் கலந்த கலவை முதலில் கிராங்க் அறைக்குள் நுழைந்து, அங்குள்ள பேரிங்குகளைத் தழுவிய பின்னரே சிலிண்டருக்கு ஏறும். எனவே வடிகட்டப்படாத மணல் முதலில் பேரிங்கைத் தின்கிறது. அடுத்து பிஸ்டனையும் வளையங்களையும் தின்கிறது. குவார்ட்ஸ் துகளின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7; பிஸ்டன் செய்யப்படும் அலுமினியம் 3-ஐ ஒட்டியது. மென்மையான பிஸ்டனில் பதிந்துகொள்ளும் துகள், அதன் பிறகு உப்புத்தாளைப் போல ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டர் சுவரைத் தேய்க்கிறது.

பேரிங், பிஸ்டன், வளையம் மூன்றையும் மாற்றியதில் இரண்டு வாரக் கூலி கரைந்தது. இந்த முறை வடிகட்டியைத் தம் கையாலேயே செய்வதென்று அவர் முடிவெடுத்தார்.

ஒரு பால்பொடி டப்பா அதற்கு உடலாயிற்று. உள்ளே கம்பிவலையை உருளையாகச் சுருட்டி நிறுத்தி, அதன்மேல் ஃபோமை இரண்டு சுற்றுச் சுற்றினார். மெத்தை ஃபோம் பெட்ரோல் ஆவியில் நாளடைவில் பொடிந்து தானே துகளாகி உள்ளே போகும் என்பதால், மோட்டார் சைக்கிள் வடிகட்டிக்கென விற்கும் ஃபோமையே தேடி வாங்கினார். காகித வடிகட்டி இதற்கு ஒத்துவராது. இத்தகைய எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவு எரிபொருளைக் கார்புரேட்டரின் வாய் வழியாகத் திருப்பி உமிழும். காகிதம் நனைந்து அடைத்துக்கொள்ளும். ஃபோமை எண்ணெயில் தோய்த்து நன்றாகப் பிழிந்தெடுத்தால், அதன் கண்ணறைகள் திறந்திருக்கும். தூசு மட்டும் ஒட்டிக்கொள்ளும். டப்பாவையும் கார்புரேட்டரையும் ஒரு சாண் ரப்பர் குழாய் இணைத்தது. இரு முனையிலும் கிளிப் இறுக்கப்பட்டது.

பொருத்தியதோடு வேலை முடியவில்லை. புதிய வடிகட்டியின் பரப்பு பெரிது; காற்று தடையின்றி வந்தது. காற்று கூடினால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும். எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே வருவதால், பெட்ரோல் குறைந்தால் உராய்வைத் தணிக்கும் எண்ணெயும் குறையும். சூடு ஏறிப் பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொள்வது இப்படித்தான். அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார். கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் காற்று மிகுதி, இளம்பழுப்பு என்றால் சரி. வெளுத்திருந்தது. கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு வரி கீழே மாட்டினார். ஊசி அந்த அளவு உயர்ந்தது. இரண்டு நாள் ஓட்டியபின் பிளக் இளம்பழுப்புக்கு வந்தது.

கடைசியாக ஒரு சோதனை. ரப்பர் குழாயின் உட்புறம் மெல்லியதாக கிரீஸ் தடவி, ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் திறந்து பார்த்தார். வடிகட்டியைத் தாண்டித் தூசு வந்திருந்தால் கிரீஸில் ஒட்டியிருக்கும். விரலால் தடவி, இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். நறநறப்பு இல்லை.

கருதுகோள், தலையீடு, அளவீடு, சரிபார்ப்பு என்று ஆய்வேடுகளில் தனித்தனி உட்தலைப்புகளாக வருபவை அனைத்தும் அந்த டப்பாவைச் சுற்றி நடந்தேறின. இதைப் பாராட்டி, எளிய மக்களின் அறிவுத்திறம் என்று ஒரு கட்டுரையை முடித்துவிடலாம். அவருடைய ஒரு நாளின் மிகுதி நேரம் அதற்கு இடம் தரவில்லை.

அந்த வண்டி அவரைக் கொண்டுசேர்க்கும் இடம் குவாரி. அங்கே உலர்ந்த மணற்கல்லில் துளையிடும்போது எழுவதும் அதே குவார்ட்ஸ்தான். எஞ்சினுக்கு மிகுந்த கேடு செய்வது, எண்ணெய்ப் படலத்தின் தடிமனை ஒத்த, சற்றேறக்குறைய 5 முதல் 20 மைக்ரான் வரையிலான துகள்கள். அதனினும் நுண்ணியவை பெரும்பாலும் கேடின்றிப் புகையோடு வெளியேறிவிடும். நுரையீரலின் கணக்கு இதற்கு நேர்மாறானது. பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடுகின்றன. 5 மைக்ரானுக்கும் குறைவானவையே காற்றறைகளின் ஆழம்வரை சென்று தங்குகின்றன. தலைப்பாகையின் முனையை மூக்கில் சுற்றிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும் தூசு நிற்கும். கொல்லும் தூசு நிற்காது. சிலிகோசிஸ் நோய்க்கு அதைத் தீர்க்கும் மருந்து இல்லை. மாற்றுவதற்குப் புதிய வளையமும் இல்லை. கிரீஸ் தடவிப் பார்க்கும் சோதனையும் இல்லை. பல்லாண்டு கழித்து எக்ஸ்ரே படம்தான் சொல்லும்.

அவருடைய அண்ணன் அதே குவாரியில் வேலைசெய்தவர். இப்போது வாசலிலிருந்து கிணற்றடி வரை நடந்தால் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுகிறார். ராஜஸ்தான் அரசு 2019-இல் இந்நோய்க்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. நோய் உறுதிப்பட்டவர்களுக்கு நிதியுதவி கிடைக்க அது வழிசெய்தது. உதவி வேண்டியதே. ஆனால் அது நுரையீரல் கெட்ட பிறகு வருவது.

தொழில்சார் நோய்களைப் பற்றிய அறிக்கைகள் வழக்கமாக வந்துசேரும் முடிவு ஒன்று உண்டு: தொழிலாளர்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும். குழாய்க்குள் கிரீஸ் தடவித் தூசைத் தேடிய மனிதருக்கு, மணல் என்ன செய்யும் என்று சொல்லித்தர எதுவும் எஞ்சியில்லை. துளையிடும் முனையில் நீரைச் செலுத்தினால் தூசு எழும் இடத்திலேயே அடங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் துளைக்கருவி அவருடையதன்று. வறண்ட நிலத்தில் நீரை விலைகொடுத்து வரவழைக்கும் முடிவும் அவருடையதன்று. உலர்வாகத் துளைப்பதால் மிச்சமாகும் பணம் ஒருவர் கைக்குப் போகிறது. அதனால் விளையும் நோய் இன்னொருவர் நெஞ்சில் தங்குகிறது. எஞ்சின் கெட்டபோது இழப்பும் அவருடையது, மாற்றும் உரிமையும் அவருடையது. அதனால்தான் பத்தே நாளில் ஒரு வடிகட்டி பிறந்தது.

ஆகவே கேட்கவேண்டியது அவருக்கு என்ன தெரியும் என்பதன்று. தெரிந்ததைச் செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே. அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு விழிப்புணர்வைப் பரிந்துரைக்கும் அறிக்கை, கல்லுடைப்பவரின் அறியாமையை அல்ல, தன் அறியாமையையே பதிவுசெய்கிறது.