நீ யாருன்னு கேக்காதே!

ஞாயித்துக்கிழமையில குரோமியம் நிரலை மேயறது நம்ம பொழுதுபோக்கு. பொட்டி தட்டுற மக்களுக்காக ஒரு சமாச்சாரம்.

2008ல வந்த குரோம், வலைப்பக்கத்தை 'ரெண்டரர்'ங்கிற தனி பிராசஸ்ல அடைச்சு வச்சுது. அது பிரவுசர் பிராசஸ்கிட்ட என்னென்ன கேக்கலாம்னு இன்னிக்கு மோஜோம் கோப்புகள்ல எழுதி வைக்கிறாங்க. அதுல ஒரு வரி மாத்தினாலும் பாதுகாப்பு ரிவ்யூ செய்யறவர் ஒருத்தர் ஓகே சொல்லியாகணும். ரொம்ப ஓவரா தெரியுதா?

'நான் வங்கித் தளம், என் குக்கியைக் கொடு'ன்னு ரெண்டரரே சொல்ற மாதிரி இன்டர்ஃபேஸ் இருந்தா அவ்வளவுதான், கதை கந்தல். அந்த ரெண்டரர் ஏற்கெனவே திருடன் கையில இருக்கலாமே! எந்தத் தளத்துக்கு எந்த பிராசஸ்னு பிரவுசருக்கே தெரியும். அதுகிட்ட போய்க் கேப்பானேன்? மீறிப் பொய் சொல்லி மாட்டினா விசாரணையெல்லாம் கிடையாது, நேரா என்கவுன்டர்தான் :-)