வெட்டிய ஐந்து அங்குலம்

எங்கள் வீட்டு பேஸ்மென்டில், திருகாணிகளும் பழைய சாவிகளும் கிடக்கும் பிஸ்கட் தகரத்துக்குள் ஐந்து அங்குல நீளமான இரும்புக் குழல் துண்டு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு முனை அறுபட்ட முனை. மறுமுனையில் ஒரு சிறு மேடையும் அதன்மேல் நகத்தைவிட ஒடுங்கிய ஒரு தகடும் இருக்கின்றன. 2012ஆம் ஆண்டு வசந்தத்தில் நான் காசு கொடுத்து அறுப்பித்த துண்டு அது. ஏன் அறுத்தாய் என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் இத்தனை வருடமும் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். "குழல் தேய்ஞ்சு போச்சு."

நான் சொன்னது பொய்.

அந்தக் குழல் இருந்த துவக்கு என்னிடம் 2009இல் வந்தது. அப்போது நாங்கள் கனடாவின் சட்பரியில் இருந்தோம். பக்கத்து வீட்டில் பின்லாந்து வழிவந்த ஒரு முதியவர். முதற்பனிக்கு முன்னர் என் வீட்டுக் கூரையில் ஏறி, எங்கே கசியும் என்று எனக்குக் காட்டித் தந்த மனிதர். தோள்மூட்டு பழுதாகி வேட்டையை விட்டபோது அவர் தன்னுடைய லீ என்பீல்ட் றைபிளை எனக்குத் தந்தார். விலை பேச வாய் திறந்தேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

நம்பர் 4, மார்க் 1 நட்சத்திரம். .303 ரவை. ஊரில் பொலிஸ்காரரின் தோளில் நான் சின்ன வயதில் பயந்து பயந்து பார்த்த அதே 'த்ரீ நொட் த்ரீ' குடும்பம். இடப்பக்க இரும்பில் 'லோங் பிராஞ்ச் 1943' என்று பொறித்திருந்தது. லோங் பிராஞ்ச் என்பது ரொறன்ரோவுக்கு மேற்கே, ஒன்ராறியோ ஏரிக்கரையில் போர்க்காலத்தில் எழுந்த ஆயுதத் தொழிற்சாலை. 1941 முதல் 1955 வரை ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நம்பர் 4 றைபிள்கள் அங்கே செய்யப்பட்டன. செய்தவர்களில் பெருந்தொகையானோர் பெண்கள். முதியவரின் தாயும் அவர்களில் ஒருவர். போர் முடிந்து கல்யாணமாகி வடக்கே வந்தவர். மகன் வளர்ந்து, கடைகளில் பழைய இராணுவத் துவக்குகள் மலிவாகக் குவிந்து கிடந்த காலத்தில், தாய் வேலை செய்த ஆண்டின் முத்திரை உள்ள ஒன்றைத் தேடி வாங்கியிருக்கிறார். தாய் எந்தப் பகுதியில் வேலை செய்தார் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

"தேவையானதைச் செய். தேவைக்கு மேலே எதுவும் செய்யாதே," என்றார். அவ்வளவுதான் அவர் வைத்த நிபந்தனை.

2011 நவம்பரில் மனிடூலின் தீவுக்குப் போனோம். என்னோடு மூன்று நண்பர்கள். ஒருவர் தமிழர், என்னை அண்ணை என்று கூப்பிடுபவர். மற்ற மூவரிடமும் புதிய றைபிள்கள். துருப்பிடிக்காத இரும்பு, கறுப்புப் பிளாஸ்டிக் பிடி, மேலே ஸ்கோப். என்னுடையது ஒன்பது இறாத்தல் பாரம், நுனிவரைக்கும் மரம். "அண்ணை, மியூசியத்தில எடுத்ததோ?" என்று தம்பி கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது உள்ளே தைத்தது. துவக்கை வெட்டியதில் அந்தச் சிரிப்புக்கும் கொஞ்சம் பங்குண்டு. ஆனால் முதற்காரணம் அது அல்ல.

மூன்றாம் நாள் பின்னேரம், வெளிச்சம் மங்கத் தொடங்கும் நேரம், சீடர் மரங்களின் ஓரத்தில் ஒரு வெள்ளைவால் மான் வந்து நின்றது. ஆண். தூரம் தொண்ணூறு யார் இருக்கும். பக்கவாட்டாக நின்றது, அதைவிட நல்ல நிலை வேட்டைக்காரனுக்குக் கிடைக்காது. முன்னங்கால் சந்துக்குப் பின்னால், உடம்பின் நடு உயரத்தில் குறிவைத்து விசையை இழுத்தேன். மான் முதுகை வளைத்துக் குலுங்கியது. பிறகு சீடர்களுக்குள் போய்விட்டது.

போய்ப் பார்த்தேன். மெல்லிய பனிமேல் மயிர் கிடந்தது. நீளமான, முரட்டுத்தனமான, நுனி கறுத்த மயிர். மானின் முதுகோரத்து மயிர் அப்படித்தான் இருக்கும். பக்கத்தில் இரத்தம், கையகலத்தில் ஒரு தெறிப்பு. நுரை இல்லை. சுவாசப்பையில் பட்டிருந்தால் இரத்தம் இளஞ்சிவப்பாய் நுரைத்திருக்கும். ஆகவே சன்னம் மேலே போயிருக்கிறது, முதுகுத் தசையைக் கிழித்திருக்கிறது. இதெல்லாம் அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது.

ஐம்பது அறுபது அடி தூரம் இரத்தத்தைப் பின்தொடர்ந்தேன். அது துளிதுளியாகக் குறைந்தது. இருட்டியது. டோர்ச் பையில்தான் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. கால் விறைத்திருந்தது, பசித்தது, மற்றவர்கள் காத்திருப்பார்கள் என்று நினைத்தேன். திரும்பிவிட்டேன். பொழுது விடிந்ததும் போய்ப் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விடியும்போது நாலு அங்குலம் பனி மூடியிருந்தது.

வன்னியில் என் ஐயாவிடம் ஓர் இடியன் துவக்கு இருந்தது. பயிரழிக்க வந்த பன்றிக்குச் சுட்டுக் காயப்படுத்திவிட்டால், அது கிடைக்கும்வரை வீடு திரும்பமாட்டார். ஒருமுறை மறுநாள் மத்தியானம் வந்தார், காலெல்லாம் முள் கிழித்திருக்க. "நோவோட விட்டுட்டு வந்தா எனக்குச் சோறு இறங்காது," என்று அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். ஒன்ராறியோவின் சட்டமும், காயப்பட்ட விலங்கைத் தேடி எடுக்க இயன்ற முயற்சி முழுவதையும் வேட்டைக்காரன் செய்யவேண்டும் என்றுதான் சொல்கிறது. எனக்குச் சட்டம் தேவையில்லை. ஐயா இருந்தார். ஆனாலும் நான் திரும்பி வந்தேன்.

அன்றிரவு நண்பர்கள் கேட்டார்கள், வெடிச்சத்தம் கேட்டதே, என்ன நடந்தது என்று. "படேல்லை. துவக்கு சரியில்லை," என்றேன். அந்த இரண்டாவது வசனம் என் வாயில் எப்படி அவ்வளவு இலகுவாக வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அதற்குப் பிறகு வந்த எல்லாமே அந்த வசனத்தை உண்மையாக்கச் செய்த வேலைதான்.

உண்மையில் துவக்குக்கு என்ன கோளாறு? இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும்.

போர்க்கால நம்பர் 4 றைபிள்களில் பலவற்றுக்குப் பின்குறி மிக எளிமையானது. மடித்து மாற்றும் இரண்டு துளைகள், ஒன்று 300 யாருக்கு, மற்றது 600 யாருக்கு. சிப்பாய்க்கு அது போதும். முந்நூறு யாரில் சரியாகப் படும்படி வைத்த துவக்கால் நூறு யாரில் சுட்டால் சன்னம் குறிக்கு ஐந்தாறு அங்குலம் மேலே போகும். எழுந்து போய்த் தாழ்ந்து வருவதுதான் சன்னத்தின் பாதை. மானின் உயிர்நிலையோ ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலம்தான். நடுவில் குறிவைத்தால் ஆறு அங்குலம் மேலே முதுகுதான் இருக்கும்.

இதற்கு வைத்தியம் முன்குறியின் தகடு. நம்பர் 4க்கு அந்தத் தகடுகள் பல உயரங்களில் வந்தன. ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு வித்தியாசம். உயரம் கூடிய தகட்டைப் போட்டால் சன்னம் கீழே இறங்கும். தட்டிக் கழற்றி மாற்றுகிற சின்ன இரும்பு அது. விலை சில டொலர்கள்.

இது எனக்குத் தெரியாமல் நடந்ததென்றால் அறியாமை என்று விட்டுவிடலாம். தெரியும். வேட்டைக்கு மூன்று கிழமை முந்தி சுடுகளத்தில் நூறு யாரில் ஐந்து ரவை சுட்டேன். மூன்று காகிதத்தின் மேல்விளிம்பில், இரண்டு காகிதத்திலேயே இல்லை. பக்கத்து மேசையில் இருந்த வயதான ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, பின்குறி 300க்கு அல்லவா இருக்கிறது, தகட்டை மாற்று, அதுவரை தாழ்த்திக் குறிவை என்று சொன்னார். நன்றி சொல்லித் தலையாட்டினேன். அந்தத் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பெட்டி ரவை வாங்கிப் பழகியிருக்கலாம். அதற்கும் கஞ்சத்தனம். ஐந்து ரவை சுட்ட பழக்கத்தோடு ஓர் உயிரைக் குறிபார்க்கப் போனேன்.

2012 மார்ச்சில் துவக்கைத் திருத்துபவரிடம் கொண்டுபோனேன். குழலை மாற்றவேண்டும் என்றேன். அவர் பொறுமையானவர். லீ என்பீல்டில் குழல் மாற்றுவது சிறிய வேலை இல்லை என்று விளக்கினார். பழைய குழல் அசுர இறுக்கமாக இருக்கும். கழற்றும்போது உடற்பகுதி முறுகிவிடலாம். புதியதைத் திருகும்போது வெற்றுக்கோதை இழுக்கும் கொக்கிக்கான வெட்டு சரியான இடத்தில் வந்து நிற்கவேண்டும். பிறகு பொல்ட் தலைக்கும் ரவைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, 0 முதல் 3 வரை இலக்கமிட்ட பொல்ட் தலைகளில் பொருந்துவதைத் தேடிப் போடவேண்டும். கூலி துவக்கின் விலையைத் தாண்டும்.

"முதலில் இது என்ன பிழை செய்கிறது, சொல். சுட்ட காகிதம் இருக்கிறதா?" என்றார். இல்லை என்றேன். முன்மரம் காய்ந்து சுருங்கினாலும் இந்தத் துவக்கு சிதறிச் சுடும், சில மரச்சில்லுகளை ஒட்டிச் சரிசெய்யலாம் என்றார். கடைசியாக, குழலை அளந்து பார்க்கட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

அந்த 'வேண்டாம்' என்ற சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏன் வேண்டாம் என்றேன்? அளந்து, குழல் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால், அந்தப் பின்னேரம் சீடர் மரங்களுக்குப் பக்கத்தில் பிழை செய்ய மிஞ்சுவது நான் ஒருவன்தான்.

குழல் மாற்றக் கட்டுப்படியாகாதென்றால் மாற்றியமைத்துத் தாருங்கள் என்று கேட்டேன். 25 அங்குலக் குழலை 20ஆகக் குறைத்து வாய்முனையைத் திருத்தவேண்டும், மரத்தை எடுத்துவிட்டுக் கறுப்புப் பிளாஸ்டிக் பிடி போடவேண்டும், உடற்பகுதியில் துளையிட்டு ஸ்கோப் பூட்டவேண்டும். ஒன்றும் தொடப்படாத லோங் பிராஞ்ச் இது, வெட்டினால் ஒட்டமுடியாது, ஒருதரம் யோசி என்று இரண்டாம் முறையும் சொன்னார். யோசித்துவிட்டேன் என்றேன். அவர்மேல் எள்ளளவும் பிழையில்லை.

பழைய துவக்கில் கை வைக்கவே கூடாது என்பவன் அல்ல நான். அந்தக் காலத்து ரவைகளின் உப்பு, சுட்டபின் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவாத குழலை உள்ளே அரித்துவிடும். அப்படி அரித்ததை மாற்றத்தான் வேண்டும். எவரோ 1960களில் ஏற்கனவே வெட்டிவிட்ட ஒன்றென்றால் விருப்பம்போல் செய்யலாம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இரும்பறுக்கும் வாள் எத்தனையோ நல்ல துவக்குகளைத் தின்றது. அதற்குத் தப்பி, இலக்கங்கள் பொருந்தி, நுனிமரம்வரை முழுசாக அறுபத்தொன்பது வருடம் வந்த ஒன்றை நான் வெட்டினேன்.

மாற்றியமைத்த துவக்கு நன்றாகச் சுட்டது. ஸ்கோப்பை நூறு யாருக்குச் சரிசெய்தார்கள், சுடாமல் என்ன செய்யும்? அதையே சாட்சியாக வைத்து, பார்த்தீர்களா, குழல்தான் பிரச்சினை என்று நண்பர்களிடம் சொன்னேன். முதியவரிடமும் போய்ச் சொன்னேன். அவர் துவக்கைக் கையில் வாங்கவில்லை. மேசையில் வைக்கச் சொல்லி, கொஞ்சநேரம் பார்த்தார். "தேய்ந்திருந்தால் வேறு வழி இல்லைதான்," என்றார். நம்பினார்.

2021இல், வெளியே போகமுடியாத குளிர்காலத்தில், பேஸ்மென்டைத் துப்புரவாக்கும்போது அந்தத் துண்டு கையில் அகப்பட்டது. திருத்துபவர் ஒரு துணியில் சுற்றித் தந்திருந்தார். குழலின் வாய் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு: ஒரு ரவையின் கூர்முனையை வாய்க்குள் விட்டுப் பார்ப்பது. தேய்ந்த குழல் சன்னத்தை முழுவதும் விழுங்கி, கோதின் விளிம்பு வந்து வாயில் முட்டும். நல்ல குழல் பாதியிலேயே பிடித்துவிடும். ரவை எடுத்துவந்து விட்டுப் பார்த்தேன். சன்னம் பாதி தூரம்கூட இறங்கவில்லை. இறுக்கமாக நின்றது. துண்டை விளக்கை நோக்கித் தூக்கினேன்; முறுக்கு வரிகள் கூர்மையாக, கண்ணாடிபோல மினுங்கின. மேலே அந்தச் சின்னத் தகடு, பக்கத்தில் அதன் உயரத்தைச் சொல்லும் எண் பொறித்தபடி.

நீண்டநேரம் பேஸ்மென்ட் படியிலேயே இருந்தேன். அந்த மானின் முதுகு மயிர்தான் நினைவில் வந்தது. பனிக்காலத்தில் அப்படிப்பட்ட காயத்தோடு ஒரு மான் எத்தனை நாள் நடக்கும் என்று கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

2023 கோடையில் ரொறன்ரோவிலிருந்து நாலு மணித்தியாலம் ஓடி, சட்பரியில் பராமரிப்பு இல்லத்தில் இருந்த முதியவரிடம் போனேன். துண்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். குழல் தேயவில்லை என்றேன். மானையும் சொன்னேன், டோர்ச்சையும் சொன்னேன். பெருவிரலால் தகட்டைத் தடவிக்கொண்டே கேட்டார். திட்டவில்லை.

பிறகு, "மரம் எங்கே?" என்றார். "அம்மா இரும்பு வேலை செய்யவில்லை. மரப்பகுதியில் இருந்தார். முன்மரத்தைக் கையால் தேய்த்துப் பொருத்துவது அவருடைய வேலை."

"வீட்டிலே பத்திரமாக இருக்கிறது," என்றேன்.

இல்லை. 2012 நவம்பரில் மனிடூலினில் அடுப்பு மூட்டச் சுள்ளி ஈரமாயிருந்தது. காரின் பின்னால் கிடந்த முன்மரத்தை நான்தான் இரண்டாக முறித்து அடுப்புக்குள் வைத்தேன். எழுபது வருடத்து எண்ணெய் ஊறிய மரம், உடனே பிடித்தது. எல்லாவற்றையும் சொல்லவென்று நானூறு கிலோமீற்றர் போனவன், அதைச் சொல்லவில்லை.

இதைத் தமிழில் எழுதுகிறேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. போன நத்தாருக்கு முதல்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது. வரும்போது அந்த மரத்தைக் கொண்டுவா, ஒருதரம் கையில் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார்.

ஓம் என்றேன். இன்னும் போகவில்லை.